ஆறு மணிக் கையெழுத்து

அத்தியாயம் பதினொன்று

பழுப்பு உறை மூன்று நாளாக ஃபிரிட்ஜின் தலையில் கிடந்தது. பிரித்துப் படித்தாகிவிட்டது. மடித்து உள்ளே வைத்து, மறுபடி எடுத்தும் படித்தாகிவிட்டது. ஏதோ ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற நப்பாசையில்தான் அக்கா ஒவ்வொரு முறையும் அதை எடுத்தாள். காகிதம் அப்படியெல்லாம் மனம் மாறுகிற வகை இல்லை.

"பணி முடிந்து கையெழுத்திட்டுச் சென்ற பின்னர் நேர்ந்த மரணம் என்பதால், பணியின்போது உயிரிழந்த சிறைக் காவலர் குடும்பத்துக்கான உதவிகளைப் பெறத் தங்களுக்குத் தகுதியில்லை."

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷ வேலையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

போன வாரம் ஊருக்குப் போய் இந்தத் தொடரைப் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு நாலு வரி. அக்காவின் கணவர் ஜெயில் வார்டர். நல்ல உயரம், நேரம் தவறாத மனிதர். அதனால் உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் மூன்றாம் பிளாக்கில் இரண்டு கைதிகள் கட்டிப் புரண்டார்கள். விலக்கிவிடப் போனார். எவனுக்காகவோ தீட்டி வைத்திருந்த கரண்டிக் காம்பு இவர் வயிற்றில் இறங்கியது. அப்போது மணி ஆறு இருபது. வருகைப் பதிவேட்டிலோ, அவர் ஆறு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மணிக்குப் போனவர் ஆறு இருபதுக்கு பிளாக்குக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்? அது கடைசி பஸ்ஸுக்குத் தெரியும்.

கடைசி பஸ், அக்காவின் ஒரே தம்பி. எங்கேயும் எல்லோரும் வந்து முடிந்த பிறகு வந்து சேருவான் என்பதால் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். அத்தானைப் பார்த்துத்தான் அவனும் வார்டர் வேலைக்கு எழுதிப் போட்டான். இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு சிவப்பு மை விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் வேலை காலி.

அந்த மூன்றாவது விழவே இல்லை. ஏனென்றால் மணிக்கூண்டு இரவு டியூட்டி முடித்த நாளெல்லாம் ஆறு மணிக்குத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே மச்சினனின் கையெழுத்தையும் போட்டுவிடுவார். பிறகு சத்தமில்லாமல் பிளாக்குக்குத் திரும்பிப் போய், அவன் வந்து சேரும்வரை அவனுக்குப் பதிலாக நிற்பார்.

அன்று காலை ஆறு மணிக்குக் கடைசி பஸ் எங்கே இருந்தான் தெரியுமா? ஜெயில் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில். முதல் டீ குடித்து முடித்தபோது ஆறடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. இன்னொரு டீ சொன்னான்.

அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது டீயைச் சொன்னபோது அவன் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. 'அத்தான் பாத்துப்பார்' என்ற எண்ணம் மட்டும்தான். அந்த எண்ணத்தில் வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார்கள். நம் வீட்டு ஆளை நாம் செல்லப்பிள்ளை என்போம்.

அக்காவுக்கு இந்த டீ விவகாரம் தெரியாது. சத்தம் கேட்டுக் கணவர் திரும்ப உள்ளே ஓடினார், தம்பி பிளாக்கின் வேறு மூலையில் இருந்தான், அவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை. நலப்பிரிவு அலுவலகத்துக்கு அக்காவோடு வருவதாக ஒப்புக்கொண்டிருந்த தம்பி, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்து கதவைத் தட்டினான்.

"என்னடா இது, வழி தவறி சீக்கிரமா வந்துட்டியா?" என்றாள் அக்கா. மூன்று மாதத்தில் அவள் கேலியாகப் பேசி இதுதான் முதல் தடவை. அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

உண்மையில் அவன் இரவெல்லாம் தூங்கவில்லை. தூங்காதவனுக்குச் சீக்கிரம் வருவது பெரிய காரியமா?

மகள் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அப்பாவைப் போலவே வளர்த்தி, அப்பாவைப் போலவே நேரம் பார்க்கிற பெண்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அப்பா டியூட்டில சாகலயாம். டியூட்டி முடிஞ்சும் வீட்டுக்கு வராம உங்ககிட்ட நின்னு அரட்டை அடிச்சுட்டிருந்தாராம். குவார்ட்டர்ஸ்ல பசங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. அப்பாதான் அரட்டையே அடிக்க மாட்டாரே மாமா?"

கடைசி பஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. அது அவனுடைய வாக்கியம். சம்பவம் நடந்த அன்றைக்கு அதிகாரி நீட்டிய தாளில் அவன் எழுதிக் கொடுத்த வாக்கியம். அலுவலகத்து அலமாரிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது என்று நினைத்திருந்தான். அதுவோ குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாய்வரை வந்து, அப்பா இல்லாத பெண்ணின் காதில் விழுந்துவிட்டது.

"யாராவது எதையாவது உளறுவாங்க. நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்று அக்கா மகளை அனுப்பிவிட்டுக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டாள். தம்பி அந்தப் பெண் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பணியின்போது உயிரிழந்தவர் என்று எழுதினால் கணவருடைய முழுச் சம்பளம், அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வருஷம்வரை இந்த வீடு, மகளின் படிப்பு எல்லாம் கிடைக்கும். ஜெயில் வாசலில் இருக்கிற நினைவுக் கல்லில் அவர் பெயரும் ஏறும். எழுதாவிட்டால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு பென்ஷன், வாடகைக்கு ஒரு அறை, அரட்டையில் செத்தவர் என்கிற பெயர்.

கடைசியில் சொன்னதுதான் அக்காவை அதிகம் அரித்தது.

*

நலப்பிரிவு என்பது ஒரு நீள அறை. சுவர் நெடுக இரும்பு அலமாரிகள், அவற்றுக்கு மேலேயும் கட்டுக் கட்டாகக் கோப்புகள். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மேல் கட்டின் ஓரத் தாள்கள் எழுந்து எழுந்து அடங்கின. சுவரோரம் ஒரு பெஞ்ச், அதில் காத்திருக்கும் மூன்று பேர்.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தருக்கு முத்திரையம்மா என்று பெயர். அவர் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் பக்கத்து அறையில் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார் என்று சொல்வார்கள். பார்க்கச் சிடுசிடுப்பு. ஆனால் எந்த விதவையின் மனுவையும் படிக்காமல் குத்தியதில்லை.

"உக்காருங்கம்மா. மேல்முறையீடுன்னா எல்லாப் பேப்பரும் வேணும்னு சொல்லியிருந்தேனே, கொண்டாந்தீங்களா?"

அக்கா கட்டை நீட்டினாள். மருத்துவமனையில் கொடுத்த காகிதங்கள்கூட அதில் இருந்தன. அவற்றை அவள் படித்ததில்லை. 'கைக்கடிகாரம் ஒன்று' என்ற முதல் வரிக்கு மேல் கண்ணை நகர்த்த முடியாமல் மூன்று மாதத்துக்கு முன்பே மடித்து வைத்தவள்.

முத்திரையம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது யாரு?"

"என் தம்பி. அன்னைக்கு அதே பிளாக்குல டியூட்டி."

"ஓ. அந்த வாக்குமூலம் குடுத்தவரா?" கோப்பிலிருந்த தாளை எடுத்து உரக்கவே படித்தார். "அன்று காலை ஆறு மணி முதல் மூன்றாம் பிளாக்கில் நான் பணியில் இருந்தேன். சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. என் அக்காவின் கணவர் தன் பணியை முடித்துவிட்டு, குடும்ப விஷயமாக என்னிடம் பேசிக்கொண்டு நின்றார்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"குடும்ப விஷயமா? என்னடா பேசினார்?"

அவன் தரையைப் பார்த்தான். காலையில் மகள் கேட்ட கேள்வி இப்போதுதான் அக்காவுக்கு முழுதாக உறைத்தது. அரட்டை என்று ஊர் சொன்னதே இந்தத் தாளிலிருந்து போனதுதானா?

"அதை அப்புறம் கேளுங்கம்மா. முதல்ல எனக்கு ஒண்ணு புரியணும்." முத்திரையம்மா மருத்துவமனைக் காகிதத்தில் விரலை வைத்தார். "இறந்தவர் உடம்புல இருந்த பொருள்கள். கைக்கடிகாரம் ஒண்ணு. பர்ஸ் ஒண்ணு. கைக்குட்டை ஒண்ணு. இடுப்பு பெல்ட்டில் மாட்டிய சாவிக்கொத்து ஒண்ணு, ஏழு சாவி, மூணாம் பிளாக் வில்லையோட."

விரல் மறுபடி கோப்புக்கு வந்தது.

"சாவி உன்கிட்ட இருந்துச்சுன்னு எழுதியிருக்கே தம்பி. அப்புறம் அது எப்படி அவர் இடுப்புக்குப் போச்சு?"

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. புத்தகத்தில் யார் பெயர் இருந்தாலும், சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் டியூட்டி. வார்டர்கள் சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார்கள். டியூட்டி முடிந்த ஆள் அதைத் தொடவும் கூடாது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"மேடம், அது வந்து... அந்தக் கூச்சல்ல..."

"கூச்சல்ல சாவி நடந்து போய் அவர் பெல்ட்டுல மாட்டிக்கிச்சா?"

கடைசி பஸ் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"சொல்லுடா" என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"நான் அங்க இல்லக்கா."

"அங்கன்னா?"

"பிளாக்குல. ஜெயிலுக்குள்ளயே இல்ல. என் கையெழுத்தையும் அத்தானே போட்டுட்டு எனக்காக நின்னார். நான் வந்தப்போ ஆறு முப்பத்தஞ்சு. ஸ்ட்ரெச்சர்ல அவரைத் தூக்கிட்டு வெளிய போறாங்க. நான் உள்ள போறேன். வாசல்லயே பாத்தேன். அவர் கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."

"எங்கடா இருந்த?"

"எதிர்க்கடைல."

"என்ன பண்ணிட்டு?"

"டீ..."

அக்கா அவனையே பார்த்தாள். அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை டீ குடிச்ச?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சில் ஒருவர் இருமினார்.

"ரெண்டு" என்றான் கடைசி பஸ்.

அந்த நீள அறையில், முன்பின் தெரியாத மூன்று பேருக்கு எதிரில், முப்பது வயது ஆண்பிள்ளை கூனிக்குறுகி நின்றான். அழுகைகூட வரவில்லை. அழுதால் அனுதாபம் கேட்பது போல இருக்கும் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அன்றைக்குப் பயம், வேலை போய்விடும், எல்லோரும் காறித் துப்புவார்கள் என்ற பயம். அதற்காகச் செத்தவரை அரட்டைக்காரராக்கி எழுதிக் கொடுத்துவிட்டான். பிறகு ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டான். எதற்கும் தாமதமாக வருகிறவன் உண்மைக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுவானா என்ன?

*

முத்திரையம்மா ஒரு வெள்ளைத்தாளை மேசையில் தள்ளினார். பேனாவையும்.

"எழுது. இப்ப சொன்னதை அப்படியே. பூசி மெழுகாதே. வேலை போயிடும். பொய் வாக்குமூலம் குடுத்ததுக்குக் கேஸும் வரலாம். தெரிஞ்சுதானே எழுதுறே?"

"தெரியும் மேடம்."

"அம்மா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாவி அவர்கிட்ட இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரிப் பேப்பரே சொல்லுது. அதனால அவர் டியூட்டில இருந்தார்னு நிரூபிக்கலாம். ஆனா இன்னொருத்தன் கையெழுத்தை இவர் போட்டிருக்கார். அது குற்றம். பதிவேட்டுல பொய் எழுதினவருக்கு எதுக்குக் கல்லுல பேருன்னு மேலிடத்துல கேப்பாங்க. அதனால சூப்பிரண்டு முதல்ல கேக்கப் போற கேள்வி, அந்தக் கையெழுத்தை அவரா போட்டாரா, யாராவது கேட்டுப் போட்டாரா?"

தம்பி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தான்.

"நான்தான் கேட்டேன்" என்றான். "கெஞ்சினேன். தொல்லை பண்ணினேன். அவருக்கு இஷ்டமே இல்ல. என் தொல்லை தாங்காமதான் போட்டார்."

"அப்படின்னா அதையும் எழுது. அதனால அவர் மேல இருக்கிற குத்தம் கொஞ்சம் குறையும்."

அவன் எழுதினான். பேனா தாளைக் கீறும் சத்தம் அக்காவின் காதுக்குள் கேட்டது.

அவன் கேட்கவே இல்லை. அது அக்காவுக்குத் தெரியும். ஏனென்றால் கேட்டது அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு இரண்டாவது சிவப்பு மை விழுந்திருந்த வாரம்.

"இந்த வேலையும் போச்சுன்னா எங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. அவன் கையெழுத்தையும் நீங்க போடுங்களேன்" என்றாள்.

"அந்தப் புஸ்தகத்துல இதுவரைக்கும் ஒரு பொய் எழுதினதில்ல. கை கூசுது" என்றார் அவர்.

"ஒரு கையெழுத்துதானே? அதுல நீங்க என்ன குறைஞ்சு போயிடுவீங்க?"

அவர் ஒரு பூட்ஸை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். அடுத்த வாரம் தம்பியின் பெயருக்கு எதிரே ஆறு மணிக் கையெழுத்து இருந்தது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நல்ல மனைவிக்குக் கணவன் விட்டுக்கொடுத்துவிட்டான் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம். 'அவன் கேட்கல, நான்தான் கேட்டேன்.' இவ்வளவுதானே? முத்திரையம்மா பார்க்கிறார். பெஞ்சில் மூன்று பேர் பார்க்கிறார்கள். புருஷனைப் பலி கொடுத்தவளே உதவி கேட்டும் வந்து நிற்கிறாள் என்று அவர்கள் நினைக்க மாட்டார்களா? இன்னொரு பக்கம், தம்பி கேட்டான் என்றால் கணவர் மேல் குற்றம் குறையும். மனைவியே கேட்டாள் என்றால் குடும்பமே சேர்ந்து செய்த மோசடி என்று கோப்பை மூடிவிட்டால்?

காரணங்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தன. சும்மா இருப்பதற்கு மனிதர்களுக்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. அக்கா சும்மா இருந்தாள்.

முத்திரையம்மா தாளை வாங்கிப் படித்தார். தேதி முத்திரையைக் குத்தினார். மேசை அதிர்ந்தது.

"வியாழக்கிழமை பதினோரு மணி. ரெண்டு பேரும் வரணும். சூப்பிரண்டு தனித்தனியா கூப்பிட்டுக் கேப்பார்."

படிக்கட்டில் இறங்கும்போது தம்பி இரண்டு படி பின்னாலேயே வந்தான். பாதி இறங்கியதும் மெல்லக் கூப்பிட்டான்.

"அக்கா. ஒண்ணு மட்டும் பொய் எழுதிட்டேன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"நான் கேக்கவே இல்லக்கா. மொத தடவை அவரா போட்டிருந்தார். ஏன் அத்தான்னு கேட்டதுக்கு, சீக்கிரம் வரப் பழகுடான்னு மட்டும் சொன்னார். என் மேல அவ்வளவு பிரியமான்னு நெனச்சுக்கிட்டேன். அவரா போட்டார்னு தெரிஞ்சா அவர் மேலதானே பழி வரும்? அதனாலதான் அப்படி எழுதினேன். தப்பில்லையே?"

"வா, பஸ் போயிடும்" என்றாள் அக்கா.

பேருந்தில் இடம் இருந்தும் அவன் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தவர்களுக்கெல்லாம் துக்கம் தாங்காமல் அழுகிறாள் என்று தோன்றியிருக்கும். துக்கத்துக்கு அழுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

*

சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பையை வைத்தாள். மாமா வந்தால் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அப்பா பழக்கிய வழக்கம். ஒரு டம்ளர் கொண்டு வந்து அவன் நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க? அப்பா டியூட்டிலதான் செத்தார்னு எழுதிட்டாங்களா?"

"இன்னும் எழுதல. ஆனா டியூட்டிலதான் செத்தார்" என்றாள் அக்கா. கொஞ்சம் நிறுத்தினாள். "அது அவரோட டியூட்டி இல்ல."

"அப்ப யாரோடது?"

அக்கா பதில் தேடுவதற்குள் குரல் வந்தது.

"என்னோடது."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் தாமதிக்கவில்லை. டீக்கடையை, இரண்டாவது டீயை, ஸ்ட்ரெச்சரை, எழுதிக் கொடுத்த பொய்யை, ஒன்று விடாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னான். "அரட்டைன்னு எழுதினது நான்தான். உங்கப்பா அரட்டை அடிக்க மாட்டார். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டதும் நான்தான்" என்று முடித்தான்.

மகள் கத்தவில்லை. கையை நீட்டி, நாற்காலிக் கைப்பிடியில் வைத்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நியாயம்தான் என்பது போல. எழுந்து செருப்பைத் தேடினான்.

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உக்காருடா. நீயும் நில்லுடி. நீ கேட்டது பாதிதான்."

மகள் டம்ளரோடு நின்றாள்.

"உங்க மாமா கேக்கல. கேட்டது நான். ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா பூட்ஸ் தொடச்சுட்டிருந்தப்போ. கை கூசுதுன்னு சொன்னார். ஒரு கையெழுத்துல நீங்க என்ன குறைஞ்சு போயிடுவீங்கன்னு நான்தான் கேட்டேன்."

தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அத்தானின் பிரியம் என்று மூன்று மாதமாக நினைத்து நினைத்து உருகியது அக்காவின் நச்சரிப்பு என்று தெரிந்தபோது, அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ ஒன்று கைநழுவிப் போன முகம்.

"ஏன்க்கா அங்க சொல்லல? நான் எழுதும்போது பக்கத்துலதானே இருந்த?"

"வெக்கமா இருந்துச்சு." அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். "வெக்கம்கூட அப்புறம்தான்டா. நீயே எல்லாத்தையும் ஏத்துக்கிட்டு எழுதினப்போ, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதை நெனச்சாத்தான் இன்னும் வெக்கமா இருக்கு."

வெளியே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை அங்கேயும் இதைச் சொல்லுவியாம்மா?" என்றாள் மகள்.

சொன்னால் தம்பி இரண்டாவது முறையும் பொய் எழுதினான் என்று ஆகும். கோப்பு ஒரேயடியாக மூடப்படலாம். வீடு போகும், படிப்பு போகும், கல்லில் பெயர் ஏறாது. சொல்லாவிட்டால் எல்லாம் கிடைக்கலாம். கிடைத்த பிறகு ஒவ்வொரு நாளும் இந்த வீட்டில், இந்தப் பெண்ணின் எதிரில், அவள் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும்.

"சொல்லும்மா. சொல்லுவியா?"

அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையையே பார்த்தாள்.

மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு டம்ளரைக் கொண்டுவந்து, அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டிருந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை.